சாஜிதா பேகத்தின் பொட்டு அட்டை

சாஜிதா பேகம் ஒரு ஸ்டிக்கர் பொட்டை உரித்து இடது கட்டைவிரல் நகத்தில் ஒட்டிக்கொண்டு, கையை மூன்று முறை உதறுகிறார். பொட்டு விழவில்லை. “பசை நல்லாருக்குதுங்க. ரெண்டு அட்டை குடுங்க” என்கிறார். கறுப்பு, வட்டம், கல் வைக்காதது. மற்ற நிறங்களை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

உக்கடத்தில் ஒரு சந்துக்குள் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கும் நஞ்சப்பனுக்கு இது ரொம்ப நாளாக மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது. முக்காடு போட்ட அம்மா. நெற்றியில் பொட்டு கிடையாது, வைக்கப் போவதும் இல்லை. ஆனால் மாதம் பிறந்தால் இரண்டு அட்டை, அதுவும் பசையைச் சோதித்துப் பார்த்துத்தான். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வாங்குகிறார் என்று முதலில் நினைத்தார். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு எத்தனை நெற்றி இருக்க முடியும் என்று பிறகு யோசித்தார். பொம்மை செய்கிறவராக இருக்குமோ என்றும் ஒரு சந்தேகம் வந்தது. ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டார்.

“ஏனுங்கம்மா, தப்பா நெனைச்சுக்காதீங்க. இதெல்லாம் ஆருக்குங்க?”

“கணக்குக்குங்க” என்றார் சாஜிதா.

நஞ்சப்பன் தலையை ஆட்டினார். புரிந்த மாதிரித் தலையாட்டுவது கடைக்காரர்களுக்குக் கைவந்த கலை. அன்று இரவு சாப்பிடும்போதும் அவர் மண்டை குடைந்துகொண்டுதான் இருந்ததாம்.

சாஜிதாவுக்கு நாற்பத்தாறு வயது. நகரத்தில் ஒரு மருத்துவமனையில், குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளை வைத்துப் பார்க்கிற பிரிவில் பத்தொன்பது வருடமாக நர்ஸ். ஆள் குள்ளம், நடை வேகம். செருப்புச் சத்தம் கேட்காது. உதடு மட்டும் எந்நேரமும் எதையாவது எண்ணிக்கொண்டிருக்கும். படிக்கட்டை எண்ணுவார், குழாயில் விழும் சொட்டை எண்ணுவார், எதிரே பேசுகிறவர் எத்தனை தடவை “வந்துங்க” என்று சொன்னார் என்பதைக்கூட எண்ணி வைத்திருப்பார். வீட்டுக்குப் போனால் கதையே வேறு. குழம்புக்கு உப்பை அள்ளிப் போடுகிற தோரணையைப் பார்த்தால் இவரா அவர் என்று இருக்கும். வீட்டுக்காரர் வாயைத் திறந்தால், “பாயிண்ட் வெச்சு உப்புப் போடறதுக்கு இதென்ன ஆஸ்பத்திரியா?” என்று ஒரே போடு.

அவர் வேலை பார்க்கும் இடத்தில் எதுவும் முழுசாக இருப்பதில்லை. குழந்தையின் எடை ஒன்றேகால் கிலோ, ஒன்றரை கிலோ. பால் ஒரு வேளைக்கு இரண்டரை மில்லி. மருந்து கால் மில்லி, சில சமயம் அதிலும் பாதி. முக்கால்வாசிப் பிழைப்பு புள்ளிக்கு வலப்பக்கத்தில்தான் நடக்கிறது. அந்தப் புள்ளி ஓர் இடம் தள்ளி உட்கார்ந்தால் மருந்து பத்து மடங்காகும், அல்லது பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும். ஊரில் யார் யாரையோ பெரிய புள்ளி என்கிறார்கள். சாஜிதாவைக் கேட்டால், இதைவிடப் பெரிய புள்ளி கோயமுத்தூரிலேயே கிடையாது என்பார்.

பேனாவால் வைக்கிற புள்ளியை அவர் நம்புவதில்லை. அதற்குக் காரணம் ஒரு ஜெராக்ஸ் மெஷின். இரண்டரை வருடத்துக்கு முன்பு வார்டுத் தாள்களை நகலெடுக்கும் மெஷினின் கண்ணாடியில் ஒரு தூசி ஒட்டிக்கொண்டது. வெளியே வந்த இருநூறு தாள்களிலும் ஒரே இடத்தில் ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி. அந்த இடத்தில் 12 என்று எழுதினால் 1.2 என்று தெரிந்தது. முதல் தாளிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் சாஜிதாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளே ஃபேன்சி ஸ்டோர் படியேறினார். “பேனாப் புள்ளிக்கும் ஈ எச்சத்துக்கும் வித்தியாசம் தெரியறதில்லீங்க. பொட்டுன்னா ஆறடி தள்ளி நின்னாலும் கண்ணுக்குத் தெரியும். அப்பறம், பேனாப் புள்ளிய எடுத்து இன்னொரு எடத்துல வெக்க முடியாது பாருங்க.”

அப்படிப் பிறந்ததுதான் பொட்டு அட்டை. நர்சுகள் உட்காரும் மேசையில் இருக்கிறது. வழவழவென்று பிளாஸ்டிக் ஒட்டிய ஒரு வெள்ளை அட்டை, அதில் வரிசை வரிசையாகக் கட்டங்கள். மேல் வரிசையில் நான்கு கட்டம், குழந்தையின் எடைக்கு. அடுத்த வரிசை டாக்டர் எழுதும் அளவுக்கு. கீழே நீளமாக ஒரு வரிசை விடைக்கு. இலக்கங்களை மார்க்கர் பேனாவால் எழுதுவார், புள்ளிக்குப் பதில் பொட்டை ஒட்டுவார். கணக்கு முடிந்ததும் அட்டையை ஸ்பிரிட்டால் துடைத்துவிடுவார். ஒவ்வொரு குழந்தைக்கும் புதுப் பொட்டு. கடையில் வாங்கும் பொட்டு மாதம் இரண்டு அட்டை காலியாவது இப்படித்தான்.

கட்டம் என்று அவர் வாயில் வராது. ஊடு, அதாவது வீடு என்பார். அவர் குடியிருப்பது கரும்புக்கடைப் பக்கம் ஒரு லைன் வீட்டில். ஒரே கூரை, நடுவில் சுவர், வரிசையாக ஐந்து குடித்தனம். இலக்கங்களும் அவருக்கு லைன் வீட்டுக் குடித்தனக்காரர்கள்தான். பொட்டுக்கு இடப்பக்கம் ஒன்றுகளின் வீடு. வலப்பக்கம் முதல் வீட்டில் பத்தில் ஒரு பங்கு, அடுத்ததில் நூறில் ஒரு பங்கு, அதற்கும் அடுத்ததில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கிலோவில் எடை போட்டால் அந்தக் கடைசி வீடுதான் ஒற்றைக் கிராம்.

“எட்டுன்னா எட்டு இல்லீங்க. எந்த ஊட்டுல இருக்குதுங்கறத வெச்சுத்தான் அதுக்கு மதிப்பு. ஆளில்லாத ஊட்டையும் சும்மா உடக் கூடாது. சைபரைக் காவலுக்கு ஒக்கார வெக்கோணும். இல்லாட்டிப் பக்கத்து ஊட்டுக்காரரு வந்து குடியேறிப்போடுவாரு” என்பார்.

பெருக்குகிற விதமும் தனி. இரண்டு எண்களிலும் உள்ள பொட்டுகளை முதலில் உரித்துக் கட்டைவிரல் நகத்தில் ஒட்டிக்கொள்வார். பொட்டு போனதும் எண்கள் முழு எண்களாகிவிடுகின்றன. இரண்டாம் வகுப்பில் படித்த வாய்ப்பாடு போதும், பெருக்கிவிடலாம். பிறகு, பொட்டுக்கு வலப்பக்கம் முதல் எண்ணில் எத்தனை வீடு இருந்தது, இரண்டாவதில் எத்தனை வீடு என்று கூட்டி, விடையில் வலது கோடியிலிருந்து அத்தனை வீடு எண்ணி ஒரு பொட்டைத் திரும்ப ஒட்டுவார். அவ்வளவுதான். ஏன் அப்படி என்று கேட்டால் அவருக்குக் குஷி வந்துவிடும். நஞ்சப்பன் அடுத்த மாதம் அது என்ன கணக்கு, ஏன் அப்படி என்று கேட்டு மாட்டிக்கொண்டார்.

“உங்க கடைல ரிப்பன் ஒன்னேகால் மீட்டர் இருக்குதுன்னு வெச்சுக்குவோம். ஒன்னு பாயிண்ட் ரெண்டஞ்சு. அதுல பாதி வேணுங்கறாங்க. பாதின்னா பாயிண்ட் அஞ்சால பெருக்கோணும்.”

“பெருக்கினா கூடத்தானுங்க வேணும்? பாதி கேட்டா எப்படிப் பெருக்கறது?” நஞ்சப்பன் நியாயமாகத்தான் கேட்டார்.

“எல்லாரும் இங்கதான் வழுக்கறாங்க. ஒன்னுக்கு மேல இருக்கறதால பெருக்கினாத்தானுங்க கூடும். ஒன்னுக்குக் கீழ இருக்கறதால பெருக்கினா கொறையும். இப்பப் பாருங்க. பொட்டைக் கழட்டிப்போட்டேன். நூத்தி இருவத்தஞ்சு, அஞ்சு. பெருக்கினா அறநூத்தி இருவத்தஞ்சு. ஆனா நான் ஒன்னை நூறு மடங்கு பெருசாக்கிப்போட்டேன், இன்னொன்னைப் பத்து மடங்கு பெருசாக்கிப்போட்டேன். மொத்தம் ஆயிரம் மடங்கு. அப்படியே உட்டா நாயமுங்களா? ஆயிரத்துல மூணு சைபர். அதனால மூணு ஊடு தள்ளிப் பொட்டு. பாயிண்ட் ஆறு ரெண்டு அஞ்சு. அறுவத்திரெண்டரை செண்டிமீட்டர். ரிப்பனை மடிச்சுப் பாருங்க, சரியா இருக்கும்.”

நஞ்சப்பன் நிஜமாகவே ரிப்பனை எடுத்து அளந்து, மடித்துப் பார்த்தார். சரியாக இருந்தது. அன்றிலிருந்து கறுப்பு வட்டப் பொட்டு அட்டைகளில் இரண்டை சாஜிதாவுக்கென்று தனியாக எடுத்து வைத்துவிடுகிறார்.

சாஜிதாவின் கணக்கை ஒத்துக்கொள்ளாத ஒரே ஆள் அவர் மகள் நஸ்ரியா. ஆசிரியர் பயிற்சி படிக்கிறாள். “அம்மா, பொட்டு நகராதும்மா. அது ஒரே எடத்துலதான் இருக்கும். பத்தால பெருக்கினா எலக்கமெல்லாம் ஒரு ஊடு இடப்பக்கம் போகும், வகுத்தா வலப்பக்கம் வரும். நகர்றது எலக்கந்தான்” என்பாள். சாஜிதா சண்டைக்குப் போகவில்லை. ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு, “நீ சொல்றதுதான் சரி கண்ணு. பொட்டு வாசல்படி மாதிரி, அது எங்க போகும்? குடித்தனக்காரங்கதான் ஊடு மாறறாங்க” என்று ஒப்புக்கொண்டார். கூடவே ஒரு வார்த்தையும் சேர்த்தார். “ஆனா எலக்கத்துக்குப் பசை கெடையாது கண்ணு. பொட்டுக்குத்தான இருக்குது.”

இந்த முறையில் தப்பே வராது என்று அவருக்கு ஒரு மிதப்பு இருந்தது. போன ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் அதுவும் ஆட்டம் கண்டது.

அன்று மூன்றரை மணிக்கு வார்டுக்குப் போன் வந்தது. தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஒரு குழந்தை இரண்டு மாதம் முன்னதாகவே பிறந்துவிட்டது, பெண் குழந்தை, மூச்சுத் திணறுகிறது, ஆம்புலன்சில் வந்துகொண்டிருக்கிறது. போனை எடுத்தவர் மதிவதனி. பவானிக்காரர், சாஜிதா சேர்ந்த அதே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர். இருவரும் பத்தொன்பது வருடமாக ஒருவர் டிபனை மற்றவர் தின்று, ஒரே விஷயத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். மதிவதனிக்கு கால்குலேட்டர் போதும்.

“நீ பொட்டு ஒட்டி முடிக்கறதுக்குள்ள நான் மூணு கணக்குப் போட்டுருவேன் சாஜி.”

“போடு மதி. மூணும் சரியான்னு நாந்தான பாக்கோணும்.”

அது வெறும் வாய்ச்சண்டையும் இல்லை. மருந்து கொடுக்குமுன் இரண்டு நர்சுகள் தனித்தனியாகக் கணக்குப் போட்டு, விடை ஒத்துப்போனால்தான் ஊசி குழந்தையிடம் போகும். அங்கே அது விதி.

எடை என்ன என்று மதிவதனி போனில் கேட்டார். சைரன் சத்தத்துக்கு நடுவே ஆம்புலன்சுக்காரர், “ஒரு கிலோ எம்பதுங்க சிஸ்டர்” என்றார். மதிவதனி தாளில் எழுதினார்: 1.80.

குழந்தை வந்து சேர்ந்தது. சூடு போகாமலிருக்க உடம்பைச் சுற்றி பிளாஸ்டிக் உறை, தலையில் தொப்பி, மூக்கில் குழாய். தெரிந்ததெல்லாம் ஒரு உள்ளங்கால்தான். மூச்சு சீராகும்வரை தூக்கி எடை பார்க்க வேண்டாம், அவர்கள் சொன்ன எடையை வைத்தே மருந்தை ஆரம்பியுங்கள் என்றார் டாக்டர் சசிதர். கிருமித் தொற்றுக்கான மருந்து. தாமதிக்கக் கூடாது. அளவும் கூடக் கூடாது. கூடினால் சிறுநீரகத்தையும் காதையும் பதம் பார்த்துவிடும். ஒரு கிலோ எடைக்கு 2.5 மில்லிகிராம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

குழந்தையின் அப்பா வெள்ளியங்கிரி நடைபாதையில் நின்றிருந்தார். தென்னந்தோப்பில் வேலை. அம்மா அன்புக்கரசி பிரசவம் நடந்த இடத்திலேயே படுத்திருந்தாள், எழுந்து வர இரண்டு நாளாகும். கல்யாணமாகி ஏழாவது வருடம் பிறந்த பிள்ளை. வெள்ளியங்கிரிக்கு இடது காது கேட்காது. தோப்புக்குள் யானை வந்த ஒரு நாள், விரட்டுவதற்குப் பற்றவைத்த வெடி எறிவதற்குள் காதுப் பக்கத்திலேயே வெடித்துவிட்டது. யார் பேசினாலும் வலது காதைத் திருப்பிக் கொடுப்பார். மருந்தைப் பற்றி டாக்டர் விளக்கிக்கொண்டிருந்தபோது காது என்ற சொல் வந்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

“எனக்குப் போனது போதுமுங்க சார். அதுக்கு ரெண்டும் வேணுமுங்க” என்றார்.

அளவு சரியாக இருந்தால் பயமில்லை என்றார் டாக்டர்.

உள்ளே மதிவதனி கால்குலேட்டரில் தட்டினார். 1.8 பெருக்கல் 2.5. விடை 4.5 மில்லிகிராம். மருந்துக் குப்பியில் ஒரு மில்லிக்குப் பத்து மில்லிகிராம் இருக்கிறது, ஆகவே பத்தால் வகுத்து 0.45 மில்லி. சின்ன ஊசிக்குழலில் ஏற்றி மேசைமேல் வைத்தார்.

சாஜிதா அட்டையை எடுத்தார். எடையை மேலே எழுதினார், அளவைக் கீழே எழுதினார், பொட்டுகளை உரித்து நகத்தில் ஒட்டிக்கொண்டார். 180, 25. பெருக்கினால் 4500. வலப்பக்கத்து வீடுகள் மேலே இரண்டு, கீழே ஒன்று, ஆக மூன்று. வலது கோடியிலிருந்து மூன்று வீடு எண்ணிப் பொட்டை வைத்தார். 4.500. குத்துமதிப்பாகவும் ஒரு தடவை பார்த்தார். இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைச்சல், அதற்கு இரண்டரை மடங்கு, ஐந்துக்குக் கொஞ்சம் குறைச்சலாக வரவேண்டும். வந்திருக்கிறது.

“நாலரை. சரி” என்றார்.

அந்தச் “சரி”யைச் சொன்னதற்கு இன்றைக்கும் அவர் தன்னைத் திட்டிக்கொள்கிறார். பொட்டு அட்டையும் சரி என்றது, கால்குலேட்டரும் சரி என்றது. இரண்டும் பொய் சொல்லவில்லை. கொடுத்த எண்ணுக்குச் சரியான விடையைத்தான் கொடுத்தன.

அட்டையைத் துடைக்குமுன் மேல் வரிசை வீடுகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு வாய்விட்டுப் படிப்பது சாஜிதாவின் வழக்கம். அதை மதிவதனி, வாடகை வசூலுக்குப் போகிற ஆள் மாதிரி கதவு தட்டுகிறாய் என்று கேலி செய்வார். அன்றும் தட்டினார். ஒன்று. எட்டு. சைபர். விரல் நான்காவது வீட்டுக்குப் போயிற்று. அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

“மதி, கடைசி ஊட்டுல ஆளைக் காணோம்.”

“சைபர்தான் சாஜி. எட்டுக்கு அக்கட்டால எத்தனை சைபர் போட்டாலும் அதே எடைதான? மருந்து லேட்டாகுது.”

“அதில்ல. தராசு எப்பவும் பொட்டுக்கு வலப்பக்கம் மூணு எலக்கம் காட்டும். அவங்க பாத்துத்தான் சொல்லியிருப்பாங்க. என்ன சொன்னாங்க? எண்ணூறுன்னாங்களா, எம்பதுன்னாங்களா?”

“எம்பதுன்னாங்க.”

“எம்பது என்னது?”

மதிவதனி தான் எழுதிய தாளை எடுத்துப் பார்த்தார். அதில் 1.80 என்றுதான் இருந்தது.

நம் ஊரில் தக்காளி நிறுப்பவரைக் கவனித்தால் தெரியும். தராசைப் பார்த்து “ரெண்டு கிலோ எழுவது” என்பார். இரண்டு கிலோவும் எழுபது கிராமும் என்று அர்த்தம். கேட்கிற யாருக்கும் குழப்பமே வராது. பேச்சில் அது சுத்தமாகச் சரி. எழுதும்போதுதான் வினை. ஒரு ரூபாய் எண்பது காசு என்று எழுதிப் பழகிய கை, ஒரு கிலோ எண்பதையும் அதே மாதிரி எழுதிவிடுகிறது. ஒரு ரூபாய்க்கு நூறு காசு, இரண்டு வீடு போதும். ஒரு கிலோவுக்கு ஆயிரம் கிராம், மூன்று வீடு வேண்டும். எண்பது கிராம் என்றால் முதல் வீட்டில் ஆள் இல்லை. அங்கே சைபரை உட்கார வைத்து, எட்டை இரண்டாவது வீட்டில் விடவேண்டும். காவலுக்கு ஆளில்லாததால் எட்டு முன்வீட்டில் குடியேறிவிட்டது. சாஜிதாவுக்குப் பொட்டில் அடித்தாற்போல் இருந்தது. இது 1.80 இல்லை. 1.080 ஆக இருக்கவேண்டும்.

இருக்கவேண்டும் என்றுதான் சொல்ல முடியும். ஆம்புலன்சுக்காரர் எண்ணூறையே வாய்தவறி எண்பது என்றிருந்தால்? எடை கூட இருக்கிற குழந்தைக்கு மருந்தைக் குறைத்துக் கொடுத்தால் அதுவும் ஆபத்துதான், கிருமிக்குக் கொண்டாட்டம். திரும்பப் போன் போட்டார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை.

“சிஸ்டர், மருந்து போயாச்சா?” கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து டாக்டர் கேட்டார்.

“இல்லீங்க சார். சித்த இருங்க.”

“ஏன்? ரெண்டு பேரும் கணக்குப் பாத்தாச்சுதானே?”

“கணக்கு சரிங்க சார். எடைதான் தப்பா இருக்கும்னு படுது. ஒருக்கா தூக்கிப் பாத்துப்போடலாமுங்க.”

டாக்டர் சசிதர் இளவயசுக்காரர், அவசரக்காரர். ஆனால் அந்த அட்டையை அவரும் பார்த்திருக்கிறார். வந்து பார்த்தார். காலி வீட்டைப் பார்த்தார், பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த உள்ளங்காலைப் பார்த்தார். “பத்து செகண்டுக்கு மேல கூடாது” என்றார்.

டாக்டர் மூக்குக் குழாயைப் பிடித்துக்கொண்டார். மதிவதனி ஒயர்களை வாரிப் பிடித்தார். சாஜிதா இரண்டு கையையும் உறைக்கு அடியில் விட்டுத் தூக்கினார். தூக்கிய அந்தக் கணமே அவருக்குத் தெரிந்துவிட்டது. பத்தொன்பது வருடம் தூக்கிய கை. தராசில் இலக்கங்கள் ஓடி ஓடி நின்றன. உறைக்கும் தொப்பிக்கும் கழித்தது போக, 1.080.

சாஜிதா புதிதாக இரண்டு பொட்டை உரித்தார். 1080, 25. பெருக்கினால் 27000. வலப்பக்கத்து வீடுகள் மேலே மூன்று, கீழே ஒன்று, ஆக நான்கு. எண்ணி ஒட்டினார். 2.7000 மில்லிகிராம். பத்தால் வகுத்தால் எல்லோரும் ஒரு வீடு வலப்பக்கம். 0.27 மில்லி. மேசைமேல் இருந்த ஊசிக்குழலில் இருந்தது 0.45. மதிவதனி அதைக் குப்பையில் போட்டுவிட்டு இன்னொன்றை ஏற்றினார். சாஜிதா குப்பியைப் பிடித்துக்கொண்டார்.

மருந்து போய், குழந்தையின் மூச்சும் கொஞ்சம் அடங்கிய பிறகு, மதிவதனி கைகழுவும் இடத்தில் குழாயைத் திறந்துவிட்டு நின்றிருந்தார். கை கழுவவில்லை. “பத்தொன்பது வருஷம் சாஜி” என்றார். “நாந்தான் எழுதினேன். அதோட காதைப் புடுங்கிப்போட இருந்தேன்.”

“நானுந்தான் சரின்னு சொல்லிப்போட்டேன். ரெண்டு பேரும் சேந்துதான் எழுதோணும், வா” என்றார் சாஜிதா. தப்பு நடக்க இருந்து தப்பித்ததை எழுதி வைப்பதற்கு வார்டில் ஒரு நோட்டு உண்டு. இருவரும் அதில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். சாயங்காலம் டாக்டரே வெள்ளியங்கிரியிடம் நடந்ததைச் சொன்னார். வெள்ளியங்கிரி வலது காதைக் கொடுத்து முழுதும் கேட்டார். “இப்பப் போனது சரியான அளவுதானுங்களே?” என்று ஒரே கேள்விதான் கேட்டார். ஆமாம் என்றதும் சுவரோரம் உட்கார்ந்து, கேட்காத காதைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

அன்றிலிருந்து அந்த வார்டில் போன் எடுப்பவர்கள் எடையைக் கிராமில்தான் கேட்கிறார்கள். “ஆயிரத்தி எம்பதுங்களா, ஆயிரத்தி எண்ணூறுங்களா?” மதிவதனி கால்குலேட்டரை விடவில்லை. சாஜிதாவின் அட்டையையும் அவர் கேலி செய்யாமல் விடுவதில்லை. ஆனால் கணக்கை முடித்துவிட்டு, ஊசியைத் தொடுமுன், அட்டைப் பக்கம் வந்து நான்கு வீட்டுக் கதவையும் விரலால் தட்டிவிட்டுத்தான் போகிறார்.

குழந்தை நாற்பத்து நான்கு நாள் அங்கே இருந்தது. முதல் வாரம் எடை இறங்கியது, பிறகு நாளைக்கு இருபது கிராம், இருபத்தைந்து கிராம் என்று ஏறியது. அன்புக்கரசி வந்த நாளிலிருந்து மார்போடு அணைத்து உட்கார்ந்தே பொழுதைக் கழித்தாள். எடை போடும் நேரம் மட்டும் எழுந்து வந்து, தராசுக்குப் பக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவளுக்கும் வீடு கணக்கு பழகிவிட்டது. “முதல் ஊட்டுல இன்னிக்கு ஆள் மாறிருச்சுங்க சிஸ்டர், நாலு போயி அஞ்சு வந்துருச்சு” என்பாள்.

வீட்டுக்கு அனுப்பும் நாள் வந்தது. முந்தின நாளே காதுப் பரிசோதனை முடிந்திருந்தது. இரண்டு காதும் நன்றாகக் கேட்கிறது. வெள்ளியங்கிரி நம்பாமல், கடைசித் தடவை என்று சொல்லிக்கொண்டே குழந்தையின் இடப்பக்கம் நின்று விரலைச் சொடுக்கினார். குழந்தை திடுக்கிட்டு இரண்டு கையையும் விரித்தது. அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்துத் தொட்டில் குழந்தையும் முழித்துக்கொண்டது.

சாஜிதா கடைசியாக ஒருமுறை எடை போட்டார். தராசில் இலக்கங்கள் ஓடி நின்றன. அவர் அட்டையில் எழுதிப் பொட்டு வைத்தார். பிறகு மதிவதனியைக் கூப்பிட்டார்.

மதிவதனி வந்து பார்த்தார். 1.800.

“இன்னிக்கு நான் எழுதினது சரியாப் போச்சு” என்றார் மதிவதனி.

அன்புக்கரசி குழந்தையைத் துண்டில் சுற்றிக் கையில் வாங்கிக்கொண்டாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள். “ஏனுங்க சிஸ்டர், மை வெக்கக் கூடாதுன்னுட்டீங்க. வெளிய அத்தனை சனம் பாக்க நிக்குது. கண்ணு பட்டுப்போயிருமுங்க. கன்னத்துல சின்னதா ஒன்னே ஒன்னு வெச்சுக்கட்டுங்களா?”

“தோலு இன்னும் பிஞ்சு கண்ணு. மையும் வேண்டாம், பசையும் வேண்டாம்” என்றார் சாஜிதா.

சொன்னவர் அவளுடைய முகத்தைப் பார்த்தார். பிறகு அட்டைப் பக்கம் குனிந்து, அந்த எண்ணிலிருந்த பொட்டை நகத்தால் நெம்பி எடுத்தார்.

“சாஜி, அட்டைல பொட்டு இல்லாமப் போச்சு. யாராவது பாத்தா ஆயிரத்தி எண்ணூறுன்னு படிப்பாங்க” என்றார் மதிவதனி.

“படிக்கட்டும். கிராம்ல சரியாத்தான இருக்குது.”

பொட்டைக் கட்டைவிரல் நகத்தில் ஒட்டிக் கையை மூன்று முறை உதறினார். விழவில்லை. குழந்தையின் தொப்பியை நெற்றிவரை இழுத்துவிட்டு, அதன் வலது ஓரத்திலிருந்து விரலால் ஒன்று, இரண்டு, மூன்று வீடு என்று வாய்க்குள் எண்ணி, அங்கே ஒட்டி அழுத்தினார்.